மூன்று ஊர்களின் கணக்கு நோட்டு

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பதவி உயர்வு வந்திருக்கிறது, டெல்லியில் போட்டிருக்கிறார்கள், நவம்பர் முதல் வாரம் அங்கே சேர வேண்டும். வீட்டில் மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும். "மேடம், நீங்க அஞ்சு வருசம் அங்க இருந்தீங்கல்லங்க, மாசம் எவ்வளவு ஆகும்ங்க?" என்று கேட்டார்.

ஒரு தொகையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. மன்னார்குடியில் அம்மா எழுதியதைப் பார்த்து வந்தது. பால், மளிகை, வாடகை, பஸ், மருந்து என்று கோடு போட்டு, அன்றன்று இரவு எழுதிவிடுவேன். மத்திய அரசு வேலை, ஊர் ஊராக மாற்றல். 2014 ஜூனிலிருந்து 2019 மே வரை டெல்லி, பிறகு நான்கு வருடம் சென்னை, 2023 ஜூனிலிருந்து கோவை. மூன்று ஊருக்கும் நோட்டு இருக்கிறது. அன்று இரவு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தேன். தூங்கும்போது ஒரு மணி ஆகிவிட்டது.

எந்த ஊர் செலவு அதிகம் என்று எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வசிக்கும் நகரம் எக்ஸ், ஐந்திலிருந்து ஐம்பது லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட். வீட்டு வாடகைப்படி அதை வைத்துத்தான் வரும். டெல்லியும் சென்னையும் எக்ஸ், கோவை ஒய். நான் கோவைக்கு வந்த மாதம் என் அடிப்படைச் சம்பளம் 56,900. சென்னையில் 27 சதவீதம், அதாவது 15,363 ரூபாய் வந்துகொண்டிருந்தது. கோவையில் 18 சதவீதம், 10,242. ஒரே மாதத்தில் 5,121 ரூபாய் குறைந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் "எதுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போற?" என்றார்கள். அதற்குப் பதிலும் இந்த நோட்டில்தான் இருக்கிறது.

முதலில் டெல்லி. மயூர் விஹார் மூன்றாம் பகுதியில், டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு. 2014இல் வாடகை 9,500. பதினோரு மாத ஒப்பந்தம், ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் வரை ஏறும், கிளம்பும்போது 13,500. முன்பணம் ஒரே ஒரு மாத வாடகைதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது நம்பவே முடியாத செய்தி. 2015இலிருந்து மாதம் 20,000 லிட்டர் வரை தண்ணீருக்குக் காசு கிடையாது. நோட்டில் தண்ணீர் என்ற இடத்தில் வருடக்கணக்கில் கோடுதான் கிழித்திருக்கிறேன். வண்டியே வாங்கவில்லை; ஈ-ரிக்‌ஷாவில் நியூ அசோக் நகர், அங்கிருந்து மெட்ரோ. 2017இல் கட்டணத்தை இரண்டு முறை ஏற்றினார்கள், அப்போதும் பெட்ரோலை விட மலிவுதான்.

ஜனவரியில் வாரச் சந்தையில் பச்சைப் பட்டாணி, சிவப்பு கேரட், பூ மாதிரி விரிந்த காலிபிளவர் எல்லாம் அள்ளிக்கொண்டு வருவோம். பட்டாணி கிலோ இருபது ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். தேங்காயும் முருங்கைக்காயும்தான் விலை. ஒரு முருங்கைக்காய் பத்து ரூபாய்; அத்தை அதை வாங்கும்போதெல்லாம் ஊரில் வேலியோரம் காய்த்துத் தொங்கும் மரத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார். மற்றபடி அந்த ஊர் எங்களைக் கைவிட்டதில்லை. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உண்டு, ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் உண்டு, தமிழ்ச் சங்கம் உண்டு. பிப்ரவரி கடைசியில் சாலையோரத்து இலவ மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். அந்த மூன்று வாரங்கள் டெல்லியைப் போல அழகான ஊரை நான் பார்த்ததில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது காஜிப்பூர் குப்பை மலை தெரியும். மலை என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, அறுபது மீட்டருக்கு மேல். மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். 2017 செப்டம்பரில் அதில் ஒரு பக்கம் சரிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். வாடகை ஏன் அந்தப் பக்கம் மட்டும் குறைவு என்று முதல் வருடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

2016 தீபாவளி அக்டோபர் 30. மறுநாள் காலை எதிர் பிளாக் தெரியவில்லை. பட்டாசுப் புகை, மதியத்துக்குள் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. நவம்பர் முதல் வாரம் முழுக்க அப்படியே நின்றது. கண் எரிந்தது, நாக்கில் ஏதோ உலோகத்தை வைத்தது போல ஒரு கசப்பு. பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. எட்டாம் தேதி இரவு இருமல் நின்று மூச்சு இழுக்கத் தொடங்கியது. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த தாய்மாருக்குத் தெரியும், அது மறக்காது.

அன்றைக்குத்தான் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பும் வந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடிய கிளினிக்கில் நூறு ரூபாய் நோட்டு இருந்தால் மட்டும் உள்ளே வாருங்கள் என்றார்கள். என் பையில் இருந்ததெல்லாம் ஐந்நூறு. எதிர்வீட்டு மலையாளி அக்கா அரிசி டப்பாவில் வைத்திருந்த ஒன்பது நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நோட்டில் அந்த வரி இருக்கிறது: "நவ. 8, சேச்சியிடம் கைமாற்று 900." எழுத்து கோணலாக இருக்கிறது.

அப்புறம் காற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிவிடும்; அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடியைப் போல உட்கார்ந்துகொள்ளும். கீழே வண்டிகள், அனல்மின் நிலையங்கள், கட்டட வேலைத் தூசி, குளிர்காயக் கொளுத்தும் குப்பை என்று என்ன வந்தாலும் மேலே போக வழியில்லை. அதோடு பஞ்சாப், ஹரியானா பக்கமிருந்து வயல் தாள் எரிக்கும் புகை வரும். விவசாயிகளைத் திட்டுவது அங்கே எல்லோருக்கும் சுலபம். நான் டெல்டாக்காரி, எனக்கு அது ஒப்பவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள், நாற்று நடவை ஜூனுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி. நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் மிச்சம். இயந்திரம் அறுத்துப் போட்ட பிறகு முழங்கால் உயரத்துக்கு நிற்கும் தாளை அதற்குள் அவன் என்ன செய்வான்? எங்கள் ஊரில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி, விற்றால் காசு. அங்கே ஒரு தீக்குச்சிதான் மலிவு. தண்ணீரைக் காப்பாற்றப் போய்க் காற்று போனது.

எண்களையும் படித்தேன். காற்றுத் தரக் குறியீட்டில் 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 401க்கு மேல் கடுமை, 500க்கு மேல் அளவே கிடையாது. இதில் என்னை உறுத்திய ஒன்று உண்டு. நம் நாட்டு அளவில் "நன்று" என்றால், பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு கனமீட்டரில் 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்கு 15க்கு மேல் கூடாது என்றது. "நன்று" என்று காட்டுகிற நாளில்கூட அதைப் போல இரண்டு மடங்கு வரை சுவாசித்துக்கொண்டிருக்கலாம். 2017 டிசம்பரில் டெல்லி கோட்லா மைதானத்தில் இலங்கை கிரிக்கெட் வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஆடியபோது எங்கள் அலுவலகத்தில் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை. மகள் அந்த வாரம் மருந்தை ஆவியாக்கி மூச்சில் தரும் நெபுலைசரோடு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். காற்று என்று ஒரு தலைப்பு என் நோட்டில் எங்கேயும் இல்லை. அது வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. "வீட்டுச் சாமான்" என்பதில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி 11,990. அதே இடத்தில் அடுத்த இரண்டு வருடமும் வடிகட்டி, 2,800 வீதம் 5,600. "இதர" என்பதில் நெபுலைசர் 2,150. "மருந்து" என்பதில் மூன்று குளிர்காலத்துக்கும் சேர்த்து 21,460. எனக்கு சி.ஜி.எச்.எஸ். என்கிற மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்ட அட்டை உண்டு, பகலில் போனால் மருந்து இலவசம். ஆனால் இரவு பதினோரு மணிக்கு மூச்சு இழுத்தால் டிஸ்பென்சரி திறந்திருக்காது. கையிலிருந்து போனதை மட்டும் எழுதியிருக்கிறேன். ஆக மொத்தம் 41,200. ஒரு குளிர்காலத்துக்குப் பதினான்காயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. எங்கள் வாடகை 13,500. வருடத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை கட்டுவதாக நினைத்துக்கொண்டு பதின்மூன்று மாதத்துக்குக் கட்டியிருக்கிறோம். இதில் நானும் அவரும் மாற்றி மாற்றிப் போட்ட லீவு சேரவில்லை. இரண்டு மாதம் ஜன்னலைத் திறக்காமல் ஒரே அறையில், கருவியின் இரைச்சலில், எங்களோடு அத்தையும் அடைந்து கிடந்ததும் சேரவில்லை.

வீட்டு வேலைக்கு ஒரு தீதி வருவார். கோண்ட்லியிலிருந்து நடந்து வருவார், புகையிலேயே. அவருக்கும் இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் விடாத இருமல். எங்கள் வீட்டில் வேலை முடிந்ததும் கருவி இருக்கும் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். டீ குடிப்பதற்காக என்று சொல்லிக்கொள்வார். நான் மாற்றல் கேட்டு எழுதியபோது அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எழுதிக் கேட்க ஒரு படிவம் இருந்தது. அவருக்கு இல்லை.

சரி, சென்னை. 2019 மே கடைசியில் வந்து இறங்கினோம். அந்த வருடத்தை மறந்த சென்னைக்காரர் யாராவது உண்டா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. நங்கநல்லூரில் வீடு, வாடகை 17,000. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்ற சட்டம் அந்த பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் ஒன்றரை லட்சம் கேட்டார், பேசிப் பேசி ஒரு லட்சத்துக்கு வந்தார். குழாயில் தண்ணீர் இல்லை, போரிலும் இல்லை. 12,000 லிட்டர் லாரி 4,500 ரூபாய், ஆறு வீட்டுக்குப் பங்கு. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. டெல்லி நோட்டில் வருடக்கணக்கில் வெறும் கோடாக இருந்த இடத்தில் சென்னையில் வாரத்துக்கு ஒரு எண். மின்கட்டணமும் ஏறியது. நாங்கள் டெல்லியை விட்டுக் கிளம்பிய மூன்றாம் மாதம் அங்கே 200 யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தார்கள். அவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நவம்பர் வந்தது. நவம்பர் என்றாலே எனக்கு வயிற்றில் ஒரு பயம் இருக்கும். நெபுலைசரை எடுத்துத் துடைத்து, மருந்து வாங்கித் தயாராக வைத்தேன். டெல்லி மூச்சு முட்டுகிற அந்த மாதத்தில்தான் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை. மழை பெய்கிறபோதெல்லாம் வானம் கழுவிவிடும். மதியம் ஆனால் கடல் காற்று வேறு. நவம்பர் போனது, டிசம்பர் போனது. நெபுலைசரைத் தொடவே இல்லை. ஜனவரியில் போகி அன்று காலை மட்டும் தெருவில் டயரும் பழைய பாயும் எரிந்தபோது ஒருமுறை மகள் மூச்சுக்கான மருந்துப் பம்ப் எடுத்துக்கொண்டாள். 2018 போகியன்று புகையில் விமானங்கள் இறங்க முடியாமல் போன ஊர்தானே அது. ஒரே ஒரு காலைப் பொழுது. வருடத்தில் ஒன்று என்றால் தாங்கிக்கொள்ளலாம்.

இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சந்தோஷமாகச் சொன்னேன். திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ சொல்றது உங்க ஏரியா காத்து. எங்க பக்கம் வந்து ஒரு மாசம் இருந்து பாரு" என்றார். எண்ணூர், மணலி எல்லாம் சென்னைதான். அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சாம்பல், எல்லாம் அங்கே. நாங்கள் கோவைக்கு வந்த பிறகு, 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடினார்கள். அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். "நாங்க நல்லா இருக்கோம், தொண்டைதான் எரியுது" என்றார். ஒரு ஊரின் காற்று என்று ஒன்று இல்லை என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரே ஊர், ஒரே வாடகைப்படி. காற்று மட்டும் பின்கோடுக்குப் பின்கோடு வேறு.

கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு, வாடகை 11,000. வந்தது ஜூன், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துத் தள்ளுகிற மாதம். துணி காயப் போட்டால் இரண்டு கிளிப் போட வேண்டும். அத்தை முதல் நாள் மாடியில் நின்று மருதமலையைப் பார்த்து, "காத்து சத்தம் கேக்குது பாரு" என்றார். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேசுவது மிகை என்று நினைத்திருந்தேன். குடித்த பிறகு நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

இங்கே செலவு ஏறிய இடம் பெட்ரோல். டெல்லியில் வண்டி இல்லாமல் ஐந்து வருடம். சென்னையில் பழவந்தாங்கலிலிருந்து மின்சார ரயில், மாத சீசன் டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். இங்கே இரண்டு ஸ்கூட்டர், மாதம் 3,200. பஸ் உண்டு, ஆனால் என் நேரத்துக்கு இல்லை. காற்று இவ்வளவு மோசமான டெல்லியில் நான் ஒரு துளி புகைகூட விடாமல் வேலைக்குப் போய்வந்தேன், காற்று நன்றாக இருக்கிற ஊரில் தினமும் புகை விட்டுக்கொண்டு போகிறேன். இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இப்படி எல்லோரும் இரண்டு இரண்டு வண்டி வைத்துக்கொண்டால் இந்தக் கணவாய்க் காற்று எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வடவள்ளியின் காற்று தானாக வந்ததும் இல்லை. பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் சூளைகள் இருந்தன. அங்கிருக்கும் மக்கள் வருடக்கணக்காகப் புகார் கொடுத்து, வழக்கு நடத்தி, 2021இல் அவை மூடப்பட்டன. நான் வந்தது அதற்குப் பிறகு. அவர்கள் பட்ட பாட்டின் பலனில் என் மகள் மூச்சு விடுகிறாள். ஊரின் இன்னொரு மூலையில், வெள்ளலூரில், 2024 ஏப்ரலில் குப்பைக் கிடங்கு பற்றி நாள்கணக்கில் எரிந்தது. அதே மாதம் காஜிப்பூரும் எரிந்தது. இரண்டு செய்தியையும் ஒரே வாரத்துக்குள் படித்தேனா என்று நினைவில்லை. இரண்டுக்கும் ஒரே நாற்றம் என் மூக்கில் வந்தது. செல்போனில் கோவை என்று காட்டுகிற எண் பெரும்பாலும் நூறுக்குள் இருக்கும். அதை அளப்பது குறிச்சி சிட்கோ போன்ற ஓரிரு இடங்களில். டெல்லியில் சுமார் நாற்பது நிலையங்கள். வெள்ளலூரில் எரிந்த இரவு அந்தத் தெருவில் எண் என்ன என்று அங்கிருந்தவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மகளுக்கு இப்போது பதின்மூன்று. பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறாள். முதல் தடவை போட்டிக்குப் பெயர் கொடுத்ததை என்னிடம் சொல்லவே இல்லை, விடமாட்டேன் என்று. 2024 நவம்பரில் டெல்லியில் குறியீடு 490ஐத் தாண்டி வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றிய அதே வாரம் இங்கே மைதானத்தில் ஓடி முடித்துவிட்டுக் குனிந்து முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினாள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அவள் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மூச்சு. ஓடியவர்களுக்கு வாங்குகிற மூச்சு. மாதம் 5,121 ரூபாய் எதற்காக விட்டாய் என்று இனி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் தம்பியிடம் நோட்டைக் கொடுத்தேன். வாடகை, மெட்ரோ, காய்கறிப் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். போகாதே என்று நான் சொல்லவில்லை. பதவி உயர்வை விட முடியாது என்று எனக்குத் தெரியும், டெல்லி கற்றுத்தருகிற ஊர் என்றும் தெரியும். இரண்டே இரண்டு விஷயம் சொன்னேன். வாடகை குறைவு என்று காஜிப்பூர்ப் பக்கம் வீடு பார்க்காதீர்கள். நவம்பரில் நீங்கள் மட்டும் போங்கள். குழந்தையையும் வீட்டம்மாவையும் பிப்ரவரி கடைசியில், இலவம் பூக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.

"அவ்வளவு மோசங்களா மேடம்?" என்றார். நவம்பர் 8ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பரணிலிருந்து அந்தக் கருவியை அவர் இறக்கிக் கொடுத்தார். துடைத்து ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. வடிகட்டி மட்டும் புதிதாக வாங்க வேண்டும். நாளைக்கு எடுத்துக்கொண்டு போய் அந்தத் தம்பியிடம் கொடுக்க வேண்டும்.